வரேன், வர்றேன், வருகிறேன்: பேச்சுத் தமிழ்ச் செயலியில் எதைச் 'சரி' என்பது?

#1 லாசுப்பேட்டையான்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இழை திறக்கிறது இதுதான் முதல் தடவை.

எங்க சித்தி பாண்டியில வைசியாள் வீதிப் பக்கம் வீட்டிலேயே வெளிநாட்டுக்காரங்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித் தராங்க. பாதிப் பேர் பிரெஞ்சுக்காரங்க, மீதிப் பேர் ஆரோவில்ல மூணு மாசம், ஆறு மாசம்னு தங்க வர்றவங்க. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவுல அவங்க பயிற்சி செய்ய ஒரு வலைச் செயலி எழுதித் தரேன்னு வாயக் குடுத்துட்டேன். முன்பக்கம் ரியாக்ட், பின்னாடி நோட், போஸ்ட்கிரெஸ். அதெல்லாம் ஒரு மாசத்துல முடிஞ்சிடுச்சு. சித்தி எழுதி வச்சிருந்த 340 வாக்கியமும் உள்ள ஏத்தியாச்சு.

மாட்டிக்கிட்டது விடை திருத்துற இடத்துல.

ஒரு மாணவி "கொடுங்க"ன்னு சரியா அடிச்சாங்க. செயலி தப்புன்னுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. அப்புறம் இன்னொருத்தர் "வரேன்"னு அடிச்சார். சித்தியோட பட்டியல்ல "வர்றேன்". அதுவும் தப்பு. அவர் சித்திகிட்ட போய், "உங்க செயலிக்குத் தமிழ் தெரியல"ன்னு தமிழ்லயே சொல்லிட்டு வந்தார். எனக்குத்தான் மானம் போச்சு.

முதல்ல "கொடுங்க" சிக்கல். அப்புறம் "வரேன்" சிக்கல். மூணாவது, தமிழ் விசைப்பலகையே இல்லாதவங்க இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா என்ன செய்றது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 கோடுகிறுக்கி

முதல் கேள்விக்கு விடை ஒரே வரி. ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் நார்மலைஸ் பண்ணுங்க, அதாவது எப்படி அடிச்சிருந்தாலும் ஒரே குறியீட்டு வடிவத்துக்கு மாத்துங்க. அந்த வடிவத்துக்கு என்எஃப்சின்னு பேர்.

காரணம் இது. யூனிகோடுல ஒகரக் குறியை ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியீடா எழுதலாம், இல்ல ஒற்றைக்கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு பிரிச்சும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. திரையில எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். உங்க "கொடுங்க" ரெண்டோட நீளத்தையும் ஜாவாஸ்கிரிப்ட்ல கேட்டுப் பாருங்க. ஒண்ணு 7, இன்னொண்ணு 8 வரும்னு பந்தயம். மாணவி போன்ல அடிச்சது 7-ஆ இருக்கும். சித்தியோட பட்டியல் பழைய எழுத்துருவுல அடிச்சு பிற்பாடு மாத்தினதுதானே?

நார்மலைஸ் பண்ணியும் தீராத ஒண்ணு இருக்கு. "பௌர்ணமி"ய நம்ம ஆளுங்களே ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்துல ளகரத்தை வச்சு "பெளர்ணமி"ன்னு அடிப்பாங்க. அது வேற எழுத்து, எந்த நார்மலைசும் அதைத் தொடாது. ஒரு சொல்லோட முதல் எழுத்துக்கு அப்புறம் இப்படி வந்தா சந்தேகப்படுன்னு நாமளே விதி எழுதணும். அதையும் பொத்தாம்பொதுவா எழுதிட்டா "வெளக்கு", "கெளம்பு" எல்லாம் மாட்டும். பேச்சுத் தமிழாச்சே, அந்தச் சொல்லுங்க கண்டிப்பா வரும். அதனால சொல் பட்டியல் வச்சே பண்ணுங்க. கூடவே பூஜ்ய அகல எழுத்துகள், அதாவது திரையில தெரியாத குறியீடுகள், எதாவது ஒட்டிக்கிட்டு வந்தா சீவி எறிங்க.

#3 நெல்லித்தோப்பு

என்எஃப்சின்னா போன வச்சு காசு கட்டுறதுதானே? அது எப்ப தமிழ் திருத்த ஆரம்பிச்சுது 😀

நக்கல் இருக்கட்டும். நாலு விடை குடுத்து ஒண்ணத் தொடுன்னு வச்சிட்டா இந்தத் தலைவலியே இல்லையே ப்ரோ?

#4 லாசுப்பேட்டையான்

@கோடுகிறுக்கி 7, 8. பந்தயத்துல ஜெயிச்சிட்டீங்க. பழைய வேர்ட் கோப்புல இருந்து மாத்தினதுதான்.

@நெல்லித்தோப்பு முதல் பதிப்பு அப்படித்தான் வச்சேன். சித்தி ஒத்துக்கல. "நாலுல ஒண்ணத் தொடத் தெரிஞ்சவன் ஆட்டோவுல ஏறினதும் பேந்தப் பேந்த முழிக்கிறான்டா, அங்க யாரும் நாலு விடை நீட்டுறதில்ல"ன்னாங்க. பாத்துத் தெரிஞ்சுக்கறது வேற, தானா எடுத்துச் சொல்றது வேற. அடிச்சே ஆகணுமாம்.

#5 மஞ்சக்குப்பம்_ஆசிரியர்

தம்பி, வணக்கம். நான் கடலூர் மாவட்டப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி அறிவு குறைவு. மொழி பற்றிய கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

பேச்சுத் தமிழ் என்கிறீர்கள். யாருடைய பேச்சு? "வந்துகொண்டிருக்கிறான்" என்பதை உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் பலர் "வந்துகினு இருக்கான்" என்பார்கள். தெற்கே போனால் "வந்துக்கிட்டு இருக்கான்". "வந்துட்டு இருக்கான்" என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். எழுத்துத் தமிழ் ஒன்றே ஒன்று. அதைக் கற்றுக்கொண்டவர் எந்த ஊர்ப் பேச்சுக்கும் தாமே இறங்கிவிடலாம். பேச்சை மட்டும் கற்றவர் செய்தித்தாளின் தலைப்பைக்கூடப் படிக்க முடியாது. "வருகிறேன்" என்பதைச் சரியான விடையாக வைத்துவிட்டால் உங்கள் இரண்டாம் கேள்வியே எழாது.

#6 நெல்லித்தோப்பு

ஐயா மன்னிக்கணும். பெரிய மார்க்கெட்ல ஒரு வெள்ளக்காரர் போய் "அம்மா, இந்த மீனை என்ன விலைக்குத் தருகிறீர்கள்"னு கேட்டா, மீன்காரம்மா சிரிச்சிகினே நூறு ரூபா ஏத்திடும். "எவ்ளோம்மா"ன்னு கேட்டாத்தான் ஊர்க்காரன்.

#7 முதலியார்பேட்டை_அக்கா

நான் எதிர்ப்பக்கத்துல இருந்து பேசறேன். நம்ம பிள்ளைங்களுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுக்கறவ. போன வருஷம் ஒரு பயிற்சித் தளம் வாங்கினேன், பேரு வேணாம். மேல போடற கோடு, தொப்பியெல்லாம் இல்லாம அடிச்சாலும் சரின்னு விட்டுடும். பசங்களுக்கு கொண்டாட்டம். பிரெஞ்சுல 'ஊ'ன்னு ஒலிக்கிற சொல் ரெண்டு இருக்கு. ஒண்ணுக்கு "அல்லது", இன்னொண்ணுக்கு "எங்கே". எழுத்துல வித்தியாசம் மேல ஒரு சின்னக் கோடு மட்டும்தான். மூணு மாசம் அந்தத் தளத்துல பழகிட்டு வந்தவன் பரீட்சைத் தாள்ல கோட்டையே மறந்துட்டான். விட்டுக்கொடுக்கறதும் ஒரு பாடந்தான், அதையும் பசங்க கத்துப்பாங்க. எங்க விடறோம்னு பாத்து விடுங்க தம்பி.

இன்னொண்ணு. உங்க சித்திகிட்ட வர்ற பிரெஞ்சுக்காரங்களுக்கு நீ, நீங்க வித்தியாசம் சட்டுனு பிடிபட்டிருக்குமே? அவங்க மொழியிலயும் 'த்யு', 'வூ'ன்னு ரெண்டு இருக்கு. அதுலயே ஒரு குழியும் இருக்கு. அங்க பிள்ளை அப்பாவையும் தாத்தாவையும் 'த்யு'ன்னுதான் கூப்பிடும். அதே கணக்குல என் வீட்டு மாடியில குடியிருந்த பொண்ணு எங்க மாமியாரைப் பாத்து "நீ சாப்பிட்டியா"ன்னு பாசமா கேட்டுச்சு. மாமியார் ரெண்டு நாள் அவகிட்ட பேசல.

அதனால "சாப்பிட்டாச்சான்னு கேள்"னு மொட்டையா கேக்காதீங்க. யாரைக் கேக்கணும்னு சொல்லுங்க.

#8 லாசுப்பேட்டையான்

அக்கா, இந்த ஒரு பதிவுக்கே உங்களுக்கு மெது பக்கோடா வாங்கித் தரணும்.

டேட்டாபேஸை மாத்தினேன். முன்னாடி ஒரு அட்டைக்குக் கேள்வி ஒண்ணு, விடை ஒண்ணு. இப்ப ஒவ்வொரு அட்டையிலயும் "யாரிடம்"னு ஒரு கட்டம்: மாமியார், ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுப் பையன். விடைகள் தனி அட்டவணை. ஒரு அட்டைக்கு எத்தனை விடை வேணும்னாலும் இருக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் பேச்சு, எழுத்து, வட்டாரம்னு ஒரு முத்திரை. "வரேன்", "வர்றேன்" ரெண்டும் பேச்சு, ரெண்டும் சரி. "வருகிறேன்"னு அடிச்சா தப்புன்னு சொல்லாது, "சரி, ஆனா இது எழுத்துல" அப்படின்னு வரும்.

ஆசிரியர் ஐயா, "வந்துகினு" போட்டா வட்டாரம்னு முத்திரையோட சரிதான். நீங்க சொன்னதுக்காகத்தான் அந்தப் பகுதியே சேத்தேன்.

சின்னச் சின்ன எழுத்துப்பிழைக்கு எடிட் டிஸ்டன்ஸ் வச்சிடலாம்னு பாக்கறேன். ஒரு எழுத்து பிசகினா பரவாயில்லன்னு.

#9 கோடுகிறுக்கி

வேணாம். தமிழ்ல ஒரு எழுத்துலதான் எல்லாமே இருக்கு. வந்தான், வந்தாள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவன், அவள். கொடு, கோடு. வெளிநாட்டுக்காரங்க தப்பு பண்ற இடமே இதான், நீங்க அதுக்கு மார்க் போட்டு அனுப்பிடுவீங்க. பள்ளிக்கூடம், பல்லிக்கூடம் ஒண்ணாயிடும்.

ர, ற கூட விட முடியாது. "கறி வேணும்", "கரி வேணும்". கடைக்காரர் மூட்டைய எடுத்துட்டு வந்துடுவார்.

கண்ண மூடிக்கிட்டு விடலாம்னா ந, ன மட்டுந்தான். இன்னைக்குப் பேச்சுல ரெண்டுக்கும் ஒரே ஒலி. மத்ததுக்கெல்லாம் எழுத்து ஜோடிப் பட்டியல் ஒண்ணு வச்சு, "ளகரத்தைக் கவனி"ன்னு குறிப்பு காட்டுங்க.

ரெண்டு பொடி விஷயம். "மூணு எழுத்துச் சொல்"னு குறிப்பு குடுக்கறதா இருந்தா நீளத்தை நம்பாதீங்க, "தமிழ்"ங்கிறதுக்கு ஜாவாஸ்கிரிப்ட் 5 சொல்லும். உலாவியிலயே எழுத்தெழுத்தா பிரிக்கிற இன்ட்ல் செக்மென்டர் போட்டா த, மி, ழ்னு மூணா பிரிச்சுத் தரும். குரோம்ல 2020-லயே வந்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024-லதான் வந்துது. அதுவும் "க்ஷ"வை ரெண்டா வெட்டும், அதை நாமதான் ஒட்டணும். அப்புறம், ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் (கீடவுன்ல) திருத்துற வேலை வச்சிருந்தா தூக்கிடுங்க. ஆண்ட்ராய்டு விசைப்பலகை எதை அழுத்தினாலும் பெரும்பாலும் 229-னு ஒரே எண்ணைத்தான் தரும்.

சொல் பட்டியலை வரிசைப்படுத்தறப்ப வெறும் சார்ட் போட்டீங்களா? போட்டிருந்தா ந பக்கத்துலயே ன வந்து உக்காந்திருக்கும். ஆசிரியர் ஐயா பாத்தா பிரம்பு எடுப்பார். தமிழ் அகரவரிசைப்படி அடுக்குற கொலேட்டர் போடுங்க.

#10 சில்வர்பீச்_பையன்

கடலூர்ல இருந்து, இறுதியாண்டு. நானும் சொல் பயிற்சித் தளம் ஒண்ணு எழுதினேன், இங்கிலீஷுக்கு. விடை திருத்துறதுல சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல, ஆஃப்லைன் பத்தி சொல்றேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை கடந்துது இல்ல, அப்ப எங்க தெருவுல கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. என் தங்கச்சி பவர் பேங்க்ல போனைப் போட்டு என் தளத்துல படிச்சிட்டிருந்தா. சர்வீஸ் ஒர்க்கர் பக்கத்தை எல்லாம் முன்னாடியே எடுத்து வச்சிருந்ததால ஓடுச்சு. அன்னைக்கு எனக்கு அவ்ளோ பெருமை.

பெருமை ரொம்ப நாள் நிக்கல. எங்க மாமா பொண்ணு ஐபோன் வச்சிருக்கா. பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போயிட்டு வந்து திறந்தா, படிச்ச கணக்கு மொத்தமும் காலி. சஃபாரில ஒரு தளத்தைத் தொடாம ஏழு நாள் உலாவினா, அந்தத் தளம் உலாவிக்குள்ள சேமிச்சு வச்சதை (இன்டெக்ஸ்டு டிபி) எல்லாத்தையும் துடைச்சிடும். 2020-லேர்ந்தே அப்படித்தானாம், எனக்குத்தான் தெரியல. முகப்புத் திரையில செயலியா நிறுவினவங்களுக்கு அந்த விதி இல்ல. அதனால முதல் நாளே "முகப்புல சேருங்க"ன்னு கேளுங்க அண்ணா. போன்ல இருக்கிறதை நகல்னு வச்சுக்கிட்டு, நெட் கிடைச்சதும் சர்வருக்குத் தள்ளிடுங்க.

தள்ளும்போது மொத்த மதிப்பெண்ணைத் தள்ளாதீங்க. போன்ல 40, லேப்டாப்ல 35-னா எதை எடுப்பீங்க? "இந்த அட்டை, இந்த நேரம், இந்த விடை"ன்னு ஒவ்வொரு முயற்சியையும் தனி வரியா, அதுக்குன்னு ஒரு தனி அடையாள எண்ணோட அனுப்புங்க. ரெண்டு பக்க வரியும் சேந்தா போதும், கணக்கைத் திரும்பப் போட்டுக்கலாம்.

#11 நெல்லித்தோப்பு

ஃபெஞ்சல் அன்னிக்கு எங்க வீட்ல முழங்கால் வரைக்கும் தண்ணி. தம்பி தங்கச்சி படிச்சிகினு இருந்துச்சாம். நல்லா இருங்க.

#12 லாசுப்பேட்டையான்

@சில்வர்பீச்_பையன் தம்பி, நான் மொத்த மதிப்பெண்ணைத்தான் தள்ளிட்டிருந்தேன். நேத்து ராத்திரி உக்காந்து மாத்தினேன், ரெண்டு மணியாச்சு.

அட்டையை எப்ப திரும்பக் காட்டுறதுன்னும் கேக்கணும். எஸ்எம்-2 போட்டிருக்கேன், 1987-ல வந்த பழைய கணக்கு: முதல்ல 1 நாள், அடுத்து 6 நாள், அப்புறம் 2.5 மடங்கு, அதாவது 15, 38. அட்டை வச்சு மனப்பாடம் பண்ற அன்கி செயலி 2023-ல எஃப்எஸ்ஆர்எஸ்னு புதுக் கணக்கையும் சேத்துடுச்சு, அதுதான் மேல்னு சொல்றாங்க. மாறணுமா?

#13 கோடுகிறுக்கி

மூணு மாசத்துல ஃபிளைட் ஏறப் போறவருக்கு 38 நாள் இடைவெளி எதுக்கு? எந்தக் கணக்கா இருந்தாலும் உச்ச இடைவெளியைப் பத்துப் பன்னண்டு நாள்ல கட்டிப்போடுங்க. எஃப்எஸ்ஆர்எஸ் நல்லதுதான், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நூலகமும் இருக்கு, ஆனா உங்க இருபது மாணவருக்கு வித்தியாசம் தெரியாது. குரலைக் கவனிங்க. ஒலி எப்படி வச்சிருக்கீங்க?

#14 லாசுப்பேட்டையான்

உலாவியோட தமிழ்க் குரலைத்தான் முதல்ல போட்டேன். எழுத்துத் தமிழை ஒழுங்கா படிக்குது, "வந்துட்டாங்களாம்"னு குடுத்தா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. சித்தி கேட்டுட்டு "எவ இவ?"ன்னாங்க. அதனால 340 வாக்கியத்தையும் சித்தியே பேசிப் பதிவு பண்ணியாச்சு. ஒரு வாக்கியம் சராசரியா மூணு வினாடி, மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3. மொத்தம் 8 எம்பி வருது, முழுசா ஆஃப்லைன்ல வச்சுக்கலாம். ஓபஸ்ங்கிற ஒலி வடிவத்துல போட்டா பாதிதான் ஆகும், பழைய ஐபோன்களை நினைச்சு எம்பி3-லயே விட்டுட்டேன். பின்னணியில ஒரு காக்கா நாப்பது வாக்கியத்துல கத்துது. அதை எடுக்க மனசில்ல.

உச்சரிப்பைத் திருத்தலாம்னு குரலை எழுத்தாக்குற வசதியையும் போட்டுப் பாத்தேன். மாணவர் வேணும்னே "பல்லிக்கூடம்"னார். திரையில "பள்ளிக்கூடம்"னு அழகா வந்துது. சரியான சொல்லாத்தான் இருக்கும்னு அதுவே ஊகிச்சுத் திருத்திடுது. போன்ல எழுதறவங்களுக்கு அது நல்லது, நம்ம வேலைக்கு ஆகாது. குரோம்ல அந்தக் குரல் வெளி சர்வருக்கு வேற போகுது, எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க.

கடைசியில சாதாரணமா முடிச்சேன். மாணவர் பேசுறதை மீடியா ரெக்கார்டர்ல பிடிச்சு, சித்தி குரல் ஒரு தடவை, அவர் குரல் ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் போடறது. மார்க் கிடையாது. அவங்க காதே போதும். ழகரம் வரலன்னு அவங்களுக்கே தெரியுது.

இதுல ஒரு நாள் போச்சு எனக்கு. லேப்டாப்ல மைக் வேலை செய்யுது, அதே வைஃபைல போன்ல திறந்தா மைக்கே இல்லைங்குது. கோட் எல்லாம் புரட்டிப் பாத்தேன். எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரிக்கு உலாவி மைக் தராது, லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது அதே கணினியில ஓடுற தளத்துக்கு, மட்டும் விதிவிலக்கு, அவ்ளோதான் விஷயம்.

#15 முதலியார்பேட்டை_அக்கா

மூணாவது கேள்விய எல்லாரும் மறந்துட்டீங்க, இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறது. பிரெஞ்சுக்காரங்க உகரத்தை 'ஓ'வும் 'யூ'வும் சேத்து எழுதுவாங்க. இங்கிலீஷ்காரங்க வெறும் 'யூ' போடுவாங்க. நெடிலுக்கு ஒருத்தர் ரெண்டு எழுத்து போடுவார், இன்னொருத்தர் ஒண்ணோட விட்டுடுவார். இதுக்கெல்லாம் விதி எழுத உக்காந்தா உங்களுக்குக் கல்யாணம் ஆகாது தம்பி.

திரையிலயே எழுத்துப் பொத்தான் வைங்க, அந்த விடைக்கு வேண்டிய பத்துப் பன்னண்டு எழுத்து மட்டும். தமிழ் எழுத்தும் தானா பழகிடும். என் பசங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை குடுப்பேன், பீச் பக்கம் தெருப் பலகைகளைப் படிச்சிட்டு வாங்கன்னு. பிரெஞ்சும் தமிழும் ஒண்ணா இருக்குமே, ரூ துய்மா, ரூ சுய்ஃப்ரேன். உங்க ஆளுங்களை அதே பலகையில தமிழ்ப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்க.

#16 மஞ்சக்குப்பம்_ஆசிரியர்

நான்கு நாட்களாக இந்த இழையைப் படித்து வருகிறேன். தொழில்நுட்பம் பாதி புரிந்தது. என் முதல் பதிவைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றவர். செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் பேசும் தமிழுக்கு, தனியாக ஓர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இரண்டையும் கலக்காமல் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்க, நான் ஒன்றை ஒழிக்கப் பார்த்தேன். உங்கள் முத்திரை முறை எனக்கு ஏற்புடையது. ஒரே நிபந்தனை: பேச்சு விடை சரியாக வந்தபின் அதன் எழுத்து வடிவம் கீழே சிறியதாகத் தெரிய வேண்டும். செய்தித்தாள் தலைப்பை மறக்க மாட்டேன்.

பேச்சு, எழுத்து வினைவடிவங்களை இணையாக எழுதிய பட்டியல் ஒன்று என்னிடம் உள்ளது. அனுப்புகிறேன்.

#17 லாசுப்பேட்டையான்

ஐயா, ரொம்ப நன்றி. எழுத்து வடிவம் கீழ வரும், செஞ்சிட்டேன்.

நேத்து நடந்ததைச் சொல்லணும். "மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்" அப்படின்னு ஒரு அட்டை. மாணவர் "நான் போறேன்"னு அடிச்சார். இலக்கணம் சரி, எழுத்து சரி, பேச்சு வழக்கு சரி. என் பட்டியல்ல அதுவும் ஒரு விடையா இருந்துச்சு, செயலி பச்சை காட்டுச்சு. சித்தி பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. "போறேனாமே! இதைச் சரின்னு சொல்லுதா உன் பொட்டி? போயிட்டு வரேன்னு சொல்லச் சொல்லு!"ன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அதனால நாலாவதா ஒரு முத்திரை: "சரி, ஆனா சொல்லமாட்டோம்". நெறம் மட்டும் முடிவாகல. 340-ல இப்படி எத்தனை இருக்குன்னு சித்தி திரும்ப மொதல்ல இருந்து பாத்துட்டிருக்காங்க, இதுவரைக்கும் பதினேழு.

#18 நெல்லித்தோப்பு

மஞ்சள் வச்சிருங்க ப்ரோ, மங்களகரமா.

#19 லாசுப்பேட்டையான்

ஐயா, பட்டியல் மின்னஞ்சல்ல வந்துது. திறந்தா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா வருது, அங்கங்க அடைப்புக்குறி, ஆச்சரியக்குறி.

#20 மஞ்சக்குப்பம்_ஆசிரியர்

நான் தமிழில்தானே தட்டச்சு செய்தேன்?

#21 கோடுகிறுக்கி

வானவில் எழுத்துருவா ஐயா? அதேதான். உள்ள இருக்கிறது இங்கிலீஷ் குறியீடு, எழுத்துரு மேல தமிழ்ப் படம் போட்டுக் காட்டும். அதை யூனிகோடுக்கு மாத்தித் தர்ற கருவி இருக்கு, பிரச்சினை இல்ல. மாத்தினதும் நார்மலைஸ் பண்ண மறக்காதீங்க லாசுப்பேட்டை, இல்லன்னா திரும்ப "கொடுங்க"ல வந்து நிப்பீங்க. ஔகாரம் வர்ற சொல் எல்லாத்தையும் கண்ணால ஒரு தடவை பாருங்க.

#22 லாசுப்பேட்டையான்

மாத்திட்டேன், எழுபது வரி சந்தேகமா இருக்கு. ஐயா, ஞாயிற்றுக்கிழமை கடலூர் பக்கம் ஒரு வேலையா வரேன். மத்தியானத்துக்கு மேல வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாத்துடலாமா?

#23 மஞ்சக்குப்பம்_ஆசிரியர்

வாருங்கள் தம்பி.
(பேச்சு: வாங்க தம்பி.)